ரொட்டி கொண்டுபோன பெண்கள்

2020 ஊரடங்கில், ‘மிசஸ் அமெரிக்கா’ தொடரை இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தேன். மொத்தம் ஒன்பது பகுதிகள். பெண்களின் சம உரிமை அமெரிக்க அரசியல் சட்டத்தில் எழுதப்படாமல் தடுத்த ஃபிலிஸ் ஷ்லாஃப்ளி என்ற பழமைவாதப் பெண்மணியின் கதை அது. கேட் பிளான்செட் நடித்திருந்தார். கடைசிப் பகுதியில், தேர்தலில் வென்ற ரீகன் தொலைபேசியில் கூப்பிடுகிறார். அவருக்காக உழைத்த ஷ்லாஃப்ளி அமைச்சரவையில் ஓர் இடத்தை எதிர்பார்த்திருக்கிறார். நன்றி கிடைக்கிறது, பதவி கிடைக்கவில்லை. அவர் சமையலறைக்குப் போய் உட்கார்ந்து ஆப்பிள் தோலைச் சீவ ஆரம்பிக்கிறார். பேச்சே இல்லாமல் அந்தக் காட்சி நீள்கிறது.

“நல்லா வேணும்” என்று வாய்விட்டுச் சொன்னேன். மனதுக்குள் அவ்வளவு திருப்தி.

அந்தத் திருப்தியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பெண் சமையலறைக்குத் திரும்பியதைப் பார்த்து, பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்ளும் நான் ஏன் மகிழ்ந்தேன்?

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009இல் கணவரோடு இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் நகருக்கு வந்தேன். மென்பொருள் வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்த ஊரின் பெயர் நார்மல். 1973இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் ஷ்லாஃப்ளியும் பெட்டி ஃப்ரீடனும் மேடையில் மோதிக்கொண்டார்கள். உன்னைக் கம்பத்தில் கட்டி எரிக்க வேண்டும் என்ற பொருளில் ஃப்ரீடன் கத்திவிட்டார். ஷ்லாஃப்ளி பதறவே இல்லை. இப்படி நீங்கள் பேசியதில் எனக்கு மகிழ்ச்சிதான் என்றார். அன்று அவைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அவர் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று அந்த வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

விஷயம் தெரியாத மாணவிகளுக்காகக் கொஞ்சம் பின்னணி. சட்டத்தின்முன் ஆண், பெண் என்ற காரணத்தால் யாருடைய சம உரிமையும் மறுக்கப்படக் கூடாது என்பதுதான் சம உரிமைத் திருத்தம். ஆங்கிலத்தில் அதன் முதல் பிரிவு 24 சொற்கள்தாம். 1972 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. சட்டமாக வேண்டுமானால் 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும். 1977க்குள் 35 மாநிலங்கள் தந்துவிட்டன. இன்னும் மூன்று கிடைத்தால் போதும் என்ற நிலையில் வண்டி நின்றுவிட்டது. நீட்டிக்கப்பட்ட கெடுவும் 1982 ஜூன் 30 அன்று முடிந்தது.

வண்டியை நிறுத்தியதில் ஷ்லாஃப்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறு பிள்ளைகளின் தாய், இல்லினாயின் ஆல்டன் நகரத்து வசதியான வழக்கறிஞரின் மனைவி. ஏற்கெனவே இரண்டு முறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றவர். அணு ஆயுதக் கொள்கை பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். இந்தப் போராட்டத்தின் நடுவிலேயே சட்டக் கல்லூரியில் படித்து 1978இல் பட்டமும் வாங்கினார். பெண்ணின் இடம் வீடு என்று சொல்லிக்கொண்டே வீட்டில் தங்காதவர். அவருடைய இயக்கத்தின் பெயர் ‘ஸ்டாப்’. ‘எங்கள் சலுகைகளைப் பறிக்காதே’ என்பது அந்த நான்கெழுத்து ஆங்கிலக் குறுக்கம் சொல்லவந்த பொருள். உரிமை என்றல்ல, சலுகை என்றுதான் கேட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள இல்லினாய் சட்டமன்றத்துக்கு அவருடைய தொண்டர்கள் வீட்டில் சுட்ட ரொட்டியும் பழப்பாகும் கொண்டுபோய் உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள். சம்பாதித்துப் போடுகிறவர்களுக்கு, சமைத்துப் போடுகிறவர்களின் அன்பளிப்பு!

தொடர் இந்தப் பெண்களை எப்படிப் பார்க்கிறது? தாராளவாதிகள் வழக்கமாகக் காட்டும் கேலிச்சித்திரமாக அவர்களைக் காட்டவில்லை என்பது அதன் நேர்மை. முதல் பகுதியிலேயே, ஆண் அரசியல்வாதிகள் கூடிய அறையில் பாதுகாப்புக் கொள்கை பேசத் தெரிந்த ஷ்லாஃப்ளியிடம், பேனா எடுத்துக் குறிப்பெழுதச் சொல்கிறார்கள். அதைப் பார்க்கும் பெண் எந்தக் கட்சியில் இருந்தாலும் அவளுக்கு முகம் சிவக்கும். எட்டாவது பகுதியில், ஆலிஸ் என்ற கற்பனைப் பாத்திரம் 1977 ஹூஸ்டன் மகளிர் மாநாட்டுக்குள் தனியாக அலைகிறது. பேய்கள் என்று சொல்லி வைத்திருந்த பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், பாடுகிறார்கள். ஆலிஸ் குழம்பிப்போகிறாள். தொடரின் சிறந்த பகுதி என்று அதைத்தான் சொல்வேன்.

ஆனால் தொடருக்கு ஒரு குறை உண்டு. ஷ்லாஃப்ளியைத் தன் ஆசைகளால் ஏமாந்துபோன ஒருத்தியாக அது முடிக்கிறது. ஆப்பிள் காட்சி அதற்காகத்தான். ஆண்களுக்கு வேலை செய்தாள், ஆண்கள் கைவிட்டார்கள், பாடம் முடிந்தது. எங்களைப் போன்ற பார்வையாளர்களுக்கு இது இனிப்பான முடிவு. குளோரியா ஸ்டைனமும் எலினார் ஸ்மீலும் தொடர் வெளிவந்தபோது வேறொரு மறுப்பைச் சொன்னார்கள். திருத்தத்தைத் தோற்கடித்தது ஷ்லாஃப்ளி என்பதே மிகை, காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பணபலத்தைத் தொடர் மறைத்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று கதை சொன்னால் லாபம் பார்த்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். நம் ஊர்த் தொலைக்காட்சியில் மாமியார், மருமகள் கதைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்றாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பணம் யார் கொடுத்தாலும், ரொட்டி சுட்டது பெண்கள்தானே? அவர்கள் ஏன் சுட்டார்கள்?

இந்தக் கேள்வியை மரியாதையோடு கேட்ட புத்தகம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆண்ட்ரியா டுவோர்கின் 1983இல் வெளியிட்ட ‘வலதுசாரிப் பெண்கள்’. டுவோர்கினை விட வலதுசாரிக்குத் தூரமான பெண்ணியவாதியைக் கண்டுபிடிப்பது கடினம். அவர் ஹூஸ்டனுக்கே போய், திருத்தத்தை எதிர்க்க வந்த பெண்களிடம் உட்கார்ந்து பேசினார். அவர் கண்டடைந்ததை என் சொற்களில் சொல்கிறேன். இந்தப் பெண்கள் முட்டாள்கள் அல்ல. ஆண்களின் வன்முறையைப் பெண்ணியவாதிகள் எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறார்களோ அவ்வளவு தெளிவாக இவர்களும் பார்க்கிறார்கள். வெளியே வேலைக்குப் போனால் பாதிச் சம்பளம், தெருவில் பயம், முதுமையில் யாருமில்லை. எல்லா ஆண்களுக்கும் பயப்படுவதைவிட ஒருவனுக்குப் பயப்படுவது மேல் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தங்க இடம், பாதுகாப்பு, இன்னது செய்தால் இன்னது கிடைக்கும் என்ற விதி, கொஞ்சம் அன்பு. வலதுசாரி இவற்றைத் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. விலை, கீழ்ப்படிதல்.

இதைப் படித்தபோது என் பக்கத்து வீட்டு அம்மாள் ஞாபகம் வந்தார். எழுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். பனி பெய்த காலைகளில் என் மகள் அவர் வாசலில் பனியைத் தள்ளிவிடுவாள், அவர் வாழைப்பழ ரொட்டி கொடுத்தனுப்புவார். அவர் வீட்டு முற்றத்தில் 2016, 2020 இரண்டு தேர்தல்களிலும் டிரம்ப் பலகை நின்றது. நாங்கள் அரசியல் பேசுவதில்லை. தொடரைப் பற்றி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: “நானும் போனேன், ஸ்பிரிங்ஃபீல்டுக்கு. நாலு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன்.”

ஏன் என்று கேட்டேன். அவர் தன் அக்கா கதையைச் சொன்னார். அக்கா கலிஃபோர்னியாவில் இருந்தார். மூன்று பிள்ளைகள், ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. 1970களின் தொடக்கத்தில் கணவன் விவாகரத்துக் கேட்டான், காரணம் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வயதில் அக்கா ஒரு கடையில் கல்லாவில் நின்றார். “பெண்ணும் ஆணும் சமம் என்று எழுதிவிட்டால், என் கணவர் எனக்குச் சோறு போட வேண்டியதில்லை என்று ஆகிவிடும் என்றார்கள். எனக்கு அப்போது மூன்றும் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். என் பெயரில் இந்த உலகத்தில் ஒன்றுமே இல்லை.”

நான் வாதாடியிருக்கலாம். காரணம் காட்டாத விவாகரத்துக்கும் சம உரிமைத் திருத்தத்துக்கும் தொடர்பில்லை. கலிஃபோர்னியாவில் அந்தச் சட்டத்தில் 1969இல் கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரீகன், அந்த அம்மாள் பிறகு ஓட்டுப் போட்ட அதே ரீகன். அடிவாங்கிய எத்தனையோ பெண்களுக்கு அதே சட்டம்தான் வெளியேறும் வழியும் ஆனது. இதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவருடைய கடைசி வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். என் பெயரில் ஒன்றுமே இல்லை. அந்த வாக்கியம் எனக்குத் தெரியும்.

2009இலிருந்து 2016 வரை நான் ஹெச்-4 விசாவில் இருந்தேன். ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவிக்கோ கணவனுக்கோ கொடுக்கப்படும் சார்பு விசா. கணவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். வேலை பார்க்கக் கூடாது. வேலை இல்லாததால் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை. அந்த எண் இல்லாததால் தனியாகக் கடன் அட்டை வாங்குவதும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் தனியாகக் கையெழுத்திடுவதும் குதிரைக்கொம்பு. என் ஓட்டுநர் உரிமம் முடியும் தேதி என் கணவரின் விசா முடியும் தேதி. மணமுறிவு என்றால் விசாவும் முறியும். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கிய நான், இங்கே வந்து மளிகைக்கடையில் பணம் கட்டும்போது கூடுதல் அட்டையில் அவர் பெயருக்குக் கீழே இருந்தேன். என் கணவர் நல்லவர். அதனால் எனக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் ‘கணவர் நல்லவர், அதனால் எனக்கு ஒன்றும் நேரவில்லை’ என்பதைத்தான் ஷ்லாஃப்ளி ஒரு சமூகத் திட்டமாகவே முன்வைத்தார்.

இந்த விசாவைச் செய்தது பழமைவாதிகள் மட்டுமா? இல்லை. ஹெச்-1பியை உருவாக்கிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை, கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபர். பிறகு கிளிண்டன் வந்தார், இரண்டாவது புஷ் வந்தார். மனைவிகள் வீட்டில் இருக்கட்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒபாமா ஆட்சியில், 2015 மே மாதம்தான், அதுவும் கணவரின் பச்சை அட்டை மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும், மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்று விதி வந்தது. டிரம்பின் முதல் ஆட்சி அந்த விதியை நீக்கத் திட்டமிட்டது. 2021இல்தான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வன்முறைக்கு ஆளாகும் சார்பு விசா மனைவிகள் தாமாகவே வேலை அனுமதி கேட்கலாம் என்று 2006 ஜனவரியில் சட்டமானது, அதற்கான விண்ணப்பப் படிவம் வந்ததோ 2017இல். இடையில் பதினொரு ஆண்டுகள், இரண்டு கட்சி ஆட்சிகளும். அந்த ஆண்டுகளில் அடிவாங்கிய பெண் எந்தக் கட்சியைத் திட்டுவாள்?

ஆக, பக்கத்து வீட்டு அம்மாள் ரொட்டி சுட்டுக் காப்பாற்றப் போன வாழ்க்கையை எனக்குச் சட்டமே எழுதிக் கொடுத்திருந்தது. அவர் அதை விரும்பினார், நான் வெறுத்தேன். ஆனால் இருவரும் ஒரே பேரத்துக்குள் நின்றோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பயம் புரிகிறது என்பதால் அந்தப் பேரம் சரியாகிவிடாது. இப்போது பழமைவாதிகளிடம் பரிவு காட்டுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. அவர்கள் வலியைக் கேளுங்கள் என்கிறார்கள். கேட்கலாம், கேட்டபின் கணக்கையும் பார்க்க வேண்டும். மனைவியைக் காப்பாற்றுவது கணவனின் சட்டக் கடமை, அந்தப் பெரும் சலுகையைத் திருத்தம் பறித்துவிடும் என்றார் ஷ்லாஃப்ளி. அந்தச் சலுகை உண்மையில் இருந்ததா?

1953இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த மெக்வயர் வழக்கைப் பாருங்கள். கணவர் நிலமும் வங்கியில் சேமிப்பும் உள்ள விவசாயி. வீட்டில் குளியலறை கிடையாது, வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வீட்டில் உழைத்த மனைவி, கோழி வளர்த்து, முட்டை விற்ற காசில் தனக்குத் துணிமணி வாங்கிக்கொண்டார். செலவுக்குப் பணம் தரச் சொல்லி வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும்வரை, குடும்பம் எப்படி நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லாது என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, சோறு கேட்டு நீதிமன்றம் போக வேண்டுமானால் முதலில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அந்தச் சலுகை கணவனின் மனதைப் பொறுத்தது. சட்டத்தில் அது வெறும் காகிதம்.

மாறாக, பெண்ணுக்குத் தனியாகக் கடன் கொடுக்க மறுக்கக் கூடாது என்று 1974இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டம் பெண்ணியவாதிகள் போராடி வாங்கியது. கணவர் இறந்தபின் பக்கத்து வீட்டு அம்மாள் தன் பெயரிலேயே கடன் வாங்கிக் கூரையை மாற்றினார். அவரைத் தாங்கியது ஷ்லாஃப்ளியின் சலுகை அல்ல, ஷ்லாஃப்ளியின் எதிரிகள் எழுதவைத்த உரிமை. இதை அவரிடம் ஒருநாள் சொன்னேன். “அப்படியா” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

இனி எங்கள் பக்கம். புலம்பெயர்ந்த தமிழ்த் தாராளவாதிகள் என்று எங்களைச் சொல்லலாம். வார இறுதி விருந்துகளில் டிரம்புக்கு ஓட்டுப்போட்ட வெள்ளைப் பெண்களைப் பற்றி நாங்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். எப்படித்தான் தங்களுக்கே எதிராக ஓட்டுப் போடுகிறார்களோ என்று தலையில் அடித்துக்கொள்வோம். அதே கூடத்தின் மறுமூலையில், பையனுக்கு ஊரில் பெண் பார்க்கும் பேச்சு நடக்கும். நம்ம ஆட்களாக இருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும், சார்பு விசாவில் வரச் சம்மதிக்க வேண்டும். 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதாவை கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றியது. அதற்கெதிராகக் கடிதம் எழுதியவர்களில் ஜனநாயகக் கட்சிக்கு நன்கொடை தருகிற இந்தியர்களும் இருந்தார்கள். அதை நிராகரித்த ஆளுநர் கவின் நியூசமும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். நமக்கு இருக்கும் சலுகையைப் பறிக்காதே என்ற குரல் ரொட்டிக் கூடையோடுதான் வர வேண்டும் என்பதில்லை.

எங்களில் பலருக்கு இந்த நாட்டில் ஓட்டும் இல்லை. 2014இல் மனுச் செய்த எங்கள் குடும்பம் இன்னும் பச்சை அட்டை வரிசையில் நிற்கிறது. அதனால் எங்கள் தாராளவாதத்துக்குச் செலவே இல்லை. வீட்டில் எதையும் மாற்றிக்கொள்ளாமல், தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சரியான பக்கத்தில் இருந்துவிடலாம். “நல்லா வேணும்” என்று நான் சொன்னது அந்த நாற்காலியிலிருந்துதான். சமையலறைக்குத் திரும்பிய ஷ்லாஃப்ளியைப் பார்த்தபோது, இந்த நாட்டில் ஏழு வருடம் சமையலறையில் இருந்த என்னை நான் அங்கே பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தால் நான் அவரில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

பழமைவாதப் பெண்ணை ஏமாளி என்று முடிவுகட்டாமல் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்துசெய்தது. ஆறு வாரத்துக்குள், ஆகஸ்ட் 2 அன்று, கான்சஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு. மாநில அரசியல் சட்டத்திலிருந்தும் அந்த உரிமையை நீக்கலாமா என்பது கேள்வி. 2020இல் டிரம்ப் சுமார் 15 புள்ளிகள் முன்னிலையில் வென்ற மாநிலம் அது. நீக்கக் கூடாது என்று சுமார் 59 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். குடியரசுக் கட்சிப் பெண்களும் கணிசமாகப் போடாமல் இந்தக் கணக்கு வராது. நீங்கள் முதலில் பெண்ணியவாதியாக மாறுங்கள் என்று அங்கே யாரும் நிபந்தனை போடவில்லை. உங்கள் வீட்டுக்குள், உங்கள் மருத்துவரின் அறைக்குள் அரசாங்கம் வரலாமா என்று கேட்டார்கள். அந்த மொழி எனக்கு முழுச் சம்மதமானது அல்ல. வீட்டுக்குள் அரசு வராமல் இருந்ததால்தான் மெக்வயர் வழக்கின் அந்த மனைவி தோற்றார். ஆனாலும் அந்தப் பெண்களை யோசிக்கத் தெரிந்தவர்களாக மதித்துத் தொடங்கிய பேச்சு அது.

பெண்ணுக்குத் தேவை யாராவது தரும் பாதுகாப்பு அல்ல, தன் பெயரில் சொத்தும் தன் கையில் வருமானமும் என்று பெரியார் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் சொல்லிவிட்டார். நமக்கு இது புதிதல்ல. ஆனால் அதையே எதிரே இருப்பவளிடம் சொல்லும்போது வரிசை முக்கியம். நீ அடிமை என்று தொடங்கினால் அவள் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஷ்லாஃப்ளியிடம் போய்விடுவாள். நீ நாளைக்கு வெளியே வந்தால் வாடகையை யார் கட்டுவார் என்று தொடங்கினால் அவள் உட்காருவாள். ஏனென்றால் அவளும் இரவெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஃப்ரீடனுக்கு அன்று நார்மலில் தெரியாமல் போனதும், டுவோர்கினுக்கு ஹூஸ்டனில் தெரிந்ததும் இதுதான்.

1982இல் இதே இல்லினாயில், திருத்தம் வேண்டும் என்று பெண்கள் சிலர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு மாதத்துக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார்கள். மாநிலம் மசியவில்லை. 36 ஆண்டுகள் கழித்து, 2018இல், ஒப்புதல் தந்தது. 2020இல் வர்ஜீனியாவும் சேர்ந்து 38 ஆயிற்று. கெடு தாண்டிப்போன ஒப்புதல் செல்லுமா என்ற சண்டையில், அந்த 24 சொற்கள் இன்னும் அரசியல் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. இதைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “இன்னும் இல்லையா? அது எப்போதோ வந்துவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்.”

தான் நாலு ரொட்டி கொண்டுபோய்த் தடுத்த ஒன்று, எப்போதோ கிடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு அவர் வாழ்ந்திருக்கிறார். இப்போதும் அந்தத் திருத்தத்தை எதிர்ப்பீர்களா என்று கேட்டேன். வாசல் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். “என் பேத்திகளுக்கு வேண்டும்” என்றார். உங்களுக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. என்னிடம் யாராவது அந்த ஏழு வருடங்களைப் பற்றிக் கேட்டால், நானும் உடனே பதில் சொல்லிவிடுகிறவள் இல்லை.